பத்துக்குப் பதில் பதினாறு

உன் செல்போனில் என் பெயர் வந்தால் அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அதனால் எழுதுகிறேன். மடித்துத் தபாலில் போட்டால் அதையும் பிரிக்காமல் மேசைக்குள் தள்ளிவிடுவாய் என்று தெரியும், அதனால் நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன். உன் பெயரோ என் பெயரோ அந்த ஆலையின் பெயரோ இதில் இருக்காது. சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைய. திருப்பதியில் இரும்பு வேலைப் பட்டறைகள் அதைவிட நிறைய. யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்தால் போதும். பொங்கலுக்கு முன்னாலிருந்தே நீ என்னோடு பேசவில்லை. இப்போது சித்திரை முடியப் போகிறது, மரத்தில் தோத்தாபுரி மாங்காய் முற்றிக்கொண்டு வருகிறது, இன்னும் சில நாளில் ஆலையில் சீசன் ஆரம்பித்துவிடும். அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும். படித்துவிட்டு ஏதாவது செய்வாய் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான், உன் அப்பன், சித்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில், உலோகங்களை இழுத்தும் வளைத்தும் அடித்தும் பார்க்கிற சோதனைக்கூடத்தில், பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன். நீ திருப்பதியில் எஞ்சினியரிங் படித்து, நாயுடுபேட்டையில் ஒரு பெரிய தொழிற்சாலையில் சில வருடம் வெல்டிங் பிரிவில் இருந்து, பிறகு ரேணிகுண்டா சாலையில் சொந்தப் பட்டறை போட்டவன். குடிபாலாவில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்த குடும்பத்தில், தன் பெயரில் ஒரு பலகை மாட்டியவன் நீதான். அந்தப் பலகையைப் பார்ப்பதற்கென்றே நான் எத்தனையோ தடவை அந்தச் சாலையில் பஸ் ஏறியிருக்கிறேன். போன வருடம் சீசனுக்கு முன்னால் ஒரு மாம்பழ ஆலைக்கு அமோனியா டேங்க் ஒன்று செய்து கொடுத்தாய். மாம்பழத் துண்டுகளைக் கல்லாக உறைய வைக்கிற குளிர் இயந்திரத்தின் டேங்க் அது. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியில் அமோனியா அதற்குள் திரவமாக நிற்கும், வெளியே கொட்டினால் மூச்சை அடைத்து ஆளைக் கொல்லும். குளிரில் அடித்துச் சோதித்து முத்திரை போட்ட ரகத்தில் பத்து எம்எம் தகடு போட வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. நீ சாதாரண ரகத்தில் பதினாறு எம்எம் போட்டாய். என் தூக்கம் போனதற்கு இதுதான் காரணம்.

நீ ஏமாற்றுக்காரன் இல்லை. இதை நான் முதலிலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏமாற்ற நினைக்கிறவன் தகட்டை மெலிதாக்குவான். நீ கேட்டதற்கு மேலேயே கொடுத்தாய். ஏன் கொடுத்தாய் என்றும் எனக்குத் தெரியும். சர்க்கார் காலனியில் நமக்கு வீடு வந்தபோது நீ மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாய். காண்ட்ராக்டர் மாட்டிவிட்டுப் போன இரும்புக் கதவு அப்பளம் மாதிரி இருந்தது. முதல் ஆடிக் காற்றிலேயே மடங்கி உள்ளே விழுந்தது. என் தங்கை, உன் அத்தை, அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்து அதை நிமிர்த்தினாள். "தொட்டா நெளியுது பாரு. நமக்குன்னா இப்பிடித்தான் குடுப்பானுங்க" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். அதற்குப் பிறகு நம் வீட்டுக்குள் மெலிதான சாமான் எதுவும் நுழைந்ததில்லை. பாத்திரக் கடையில் குடத்தைச் சுண்டிப் பார்த்து, "கனமா கீதா?" என்று கேட்காமல் அவள் வாங்க மாட்டாள். நானும் அவளுக்குக் குறைந்தவன் இல்லை. உன் முதல் சைக்கிளை வாங்கும்போது கடைக்காரரிடம் கனமானதாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னேன், நீ ஒரு மாதம் அதை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு போனாய்.

பட்டறை போட்ட பிறகும் நீ அதே வழியில்தான் போனாய். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுக்கு ஐந்து எம்எம் ஆங்கிள் போதும் என்றால் ஆறு போட்டாய். பலமனேரிலிருந்து வருகிற காய்கறி வண்டிக்காரர்கள் டிராலி செய்யக் கேட்டால், சொன்னதைவிட ஒரு சைஸ் ஏற்றிக் கொடுத்தாய். கேட்டுக்கு, படிக்கட்டுக்கு, மாட்டுக்கொட்டகைத் தூணுக்கு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். நம் பக்கத்துப் பட்டறைகளில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வேலைக்காரன் நல்லவன் என்றால் கனமாகப் போடுவான். தராசில் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுகிற கடைக்காரர் மாதிரி, கனத்தைக் கொசுறாகக் கொடுத்து நீ நல்ல பெயர் வாங்கினாய். அது நம் ஊரில் சரியாகவும் இருந்தது. வருடத்தில் பாதி நாள் வெயிலில் வேகிற ஊரில் கனமான இரும்பு யாரையும் கைவிட்டதில்லை. குளிர் என்றால் நமக்கு மார்கழியில் ஒரு துண்டை எடுத்துக் காதை மூடிக்கொள்வதுதானே. இரும்புக்குக் குளிர் என்று ஒன்று உண்டு என்பது நம் கைக்குத் தெரியவே தெரியாது.

டேங்க்கைப் பொருத்திப் பூஜை போட்ட அன்று என்னையும் கூப்பிட்டிருந்தாய். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன். உன் அத்தை சீசனில் அந்த ஆலையில்தான் மாங்காய் அறுக்கிறாள். தன்னோடு வேலை செய்கிற பெண்களையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து, "எங்க அண்ணன் புள்ள செஞ்சது" என்று ஒவ்வொருவருக்கும் காட்டினாள். டேங்க்குக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தது அவள்தான். நான் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தபோது லாரிச் சக்கரத்துக்கு அடியில், டேங்க் தகட்டில் மிஞ்சிய ஒரு வெட்டுத்துண்டை முட்டுக்கட்டையாக வைத்திருந்தார்கள். கையில் எடுத்தேன். கனத்தது.

"என்னடா இது, பத்துன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"பத்துல அந்த கிரேடு கெடைக்கல நைனா. ஆர்டர் போட்டா வர்றதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும். மாங்கா நமக்காக மரத்துல காத்துக்கினு இருக்குமா? அதான் பதினாறே போட்டுட்டேன். கூட ஒரு பைசா கேக்கல" என்று சிரித்தாய். உன் முகத்தில் அப்போது இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

"கொளுருக்கு இது ஆவாதுடா" என்றேன்.

"வெயில்ல தண்ணி ரொப்பி, சொன்னதுக்கு மேலயே பிரஷர் குடுத்துப் பாத்தாச்சி. ஒரு சொட்டு கசியல. சும்மா இரு நைனா, எல்லாரும் பாக்கறாங்க."

சும்மா இருந்தேன். தேங்காய் உடைத்தார்கள், நானும் ஒரு பத்தை வாங்கித் தின்றேன்.

சித்தூர் வெயிலில் சோதித்தால் எல்லா இரும்பும் நல்ல பிள்ளைதான். நீ படித்ததுதான், ஆனாலும் இன்னொரு தடவை கேள். நம் ஊர்ச் சூட்டில் இரும்பு உடைய வேண்டுமென்றால் முதலில் நெளியும், புடைக்கும், நீளும், கசியும். உடையப் போகிறேன் என்று நமக்குச் சொல்லி, ஓடுவதற்கு நேரம் கொடுக்கும். அதே இரும்பை ஒரு அளவுக்குக் கீழே குளிர வைத்துவிட்டால் அந்தக் குணம் போய்விடுகிறது. வெல்டிங் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும், ஒரு அடி விழுந்தால் போதும், அந்தக் கீறல் ஓடிவிடும். முன்னறிவிப்பு கிடையாது. இங்கேதான் கனம் நமக்கு எதிராகத் திரும்புகிறது. திருமலைக்குப் போகிற நெரிசல் பஸ்ஸில் ஓரத்தில் நிற்கிறவன் கொஞ்சம் ஒதுங்கலாம், சாயலாம். நடுவில் மாட்டியவனால் அசையவே முடியாது, எல்லாப் பக்கமும் இடி. கனமான தகட்டின் நடுவில் இருக்கிற இரும்பும் அப்படித்தான். சுற்றியிருக்கிற இரும்பே அதை நெளிய விடாது. நெளிய முடியாதது உடைந்துதானே ஆக வேண்டும். போதாததற்கு, கனமான தகடு உருக்காலை உருளையில் குறைவாக நசுங்கி வருகிறது, உள்ளே மணிமணியாகத் தடித்துப்போயிருக்கும். வெல்டிங்கில் பற்ற வைத்த இடமும் சீக்கிரம் ஆறி விறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு ரகத்துக்கும், இவ்வளவு குளிருக்கு இவ்வளவு கனம் வரைக்கும்தான் போகலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் ரகத்தை மாற்று என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் போட்டிருக்கிற கனம் உச்சவரம்பு. அதை நாயுடுபேட்டையில் நீயே சுவரில் ஒட்டி வைத்திருந்தாய், நான் பார்த்திருக்கிறேன். தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தவனுக்கு என்ன சொல்வது?

போன சீசன் முழுவதும் டேங்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், நான் ஒன்றும் உன் விரோதி இல்லை. ஆனால் ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் என் பேச்சுக்கு மதிப்புக் குறைந்துகொண்டே போனது. சீசன் முடிந்ததும் ஆலை மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். உன் பெயரைக் கெடுக்காமல் சொல்ல வேண்டுமே என்று பஸ்ஸில் முழுக்க வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர், மோர் கொடுத்தார், விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் சொல்லி முடித்ததும், "லாவுகா வேஸ்தே தப்பா மாஸ்டாரு?" என்று கேட்டுச் சிரித்தார். கனமாகப் போட்டால் தப்பா என்று. பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளையும் சிரித்தார். "மீ அப்பாயி பங்காரம்" என்றார், உங்கள் பையன் தங்கம். அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மெலிதாகப் போட்டான் என்று புகார் சொன்னால் ஊரே கேட்கும். கனமாகப் போட்டுவிட்டான் என்று புகார் சொல்கிற கிழவனை யார் கேட்பார்கள்?

பொங்கலுக்கு முன்னால் நான் செய்தது கொஞ்சம் கோமாளித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். பசுமாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர் ஒருவர் குடிபாலாப் பக்கம் இருக்கிறார், என் பழைய மாணவர். ஊசிக் குழாய்களை வைக்க அவரிடம் திரவ நைட்ரஜன் கேன் இருக்கும். கெஞ்சிக் கூத்தாடி அதில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் புகைந்துகொண்டே உன் பட்டறைக்கு வந்தேன். பூஜை அன்று நான் எடுத்து வந்திருந்த அந்த லாரி முட்டுக்கட்டையிலிருந்து அறுத்த துண்டில் அரத்தால் ஒரு பள்ளம் போட்டு, நைட்ரஜனில் முக்கி, வைஸ் பிடியில் கடிக்க வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டேன். முறுக்கு மாதிரி உடைந்து, ஒரு துண்டு எகிறிப் போய் உன் கம்ப்ரசரில் பட்டது. வேலை செய்கிறவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நீ மட்டும் தட்டவில்லை.

"அது கிட்டத்தட்ட மைனஸ் இருநூறு நைனா. அந்தக் கொளுர்ல ரப்பர் பந்துகூட ஒடையும். என் டேங்கு நாப்பதுதான். ஏமாத்தாத" என்றாய்.

நீ சொன்னது சரி. அது நியாயமான சோதனை இல்லை. என் மகன் பொய்க்கு மயங்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதனால்தான், சரி, நியாயமாகவே செய்வோம், சோதனைக்கூடத்துக்கு வா என்று கூப்பிட்டேன். நீயும் வந்தாய். விடுமுறை நாள், கல்லூரியில் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தது, சாவி கொடுத்தார்கள். அதே தகட்டிலிருந்து உன் கையாலேயே துண்டுகளை அளவாக அறுத்தாய், பள்ளம் வெட்டினாய். உலர்பனியை ஸ்பிரிட்டில் போட்டு மைனஸ் நாற்பது வரும்வரை தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊசல் சம்மட்டியை மேலே தூக்கி மாட்டினோம். நீ இடுக்கியால் துண்டை எடுத்து வைப்பாய், நான் கொக்கியை விடுவேன். கொஞ்ச நேரத்துக்கு நாம் சண்டைக்காரர்கள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. நீ சின்னப் பிள்ளையில் என்னோடு இப்படி எதையும் செய்ததில்லை, நான் நேரம் கொடுத்ததில்லை.

எல்லாத் துண்டும் உடைந்திருந்தால் நீ தோற்றிருப்பாய். எல்லாம் தாங்கியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். சில துண்டுகள் கிழிந்து, ஓரம் பிதுங்கி, சாம்பல் நிறத்தில் நார்நாராக நின்றன, சம்மட்டியே திணறி நின்றது. சில துண்டுகள் படக்கென்று இரண்டாகப் போய், உடைந்த முகம் கற்கண்டு மாதிரி பளபளத்தது. ஒரே தகடு, ஒரே குளிர், ஒரே அடி. நீ தாங்கிய துண்டுகளை எல்லாம் பொறுக்கி உன் பக்கம் வைத்தாய். நான் உடைந்தவற்றைப் பொறுக்கி என் பக்கம் வைத்தேன். ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து ஆளுக்கொரு குவியலை வைத்துக்கொண்டு பார்த்தோம்.

"பாரு, தாங்குது" என்றாய்.

"தாங்குனதப் பாத்தா எப்பிடிடா? ஒடைஞ்சதப் பாரு. உன் டேங்குல எந்தப் பக்கத்துத் துண்டு எந்த வெல்டிங்குல குந்தினு கீதுன்னு உனக்குத் தெரியுமா?"

நீ உன் குவியலைக் கையால் ஓரமாகத் தள்ளினாய். "இப்ப நான் என்ன நைனா பண்ணணும்? போயி, நான் போட்டது தப்புன்னு சொல்லணுமா? அப்பறம் திருப்பதில எவன் எங்கிட்ட வேல குடுப்பான்? நான் திருடலியே. அதிகமாத்தானே போட்டேன். நீதானே சொல்லிக்கினே இருப்ப, கனமா பாரு, கனமா பாருன்னு" என்றாய். குரல் உடைந்துவிட்டது. நான் அப்போது எழுந்து வந்து உன் தோளைத் தொட்டிருக்கலாம். "சொல்லித்தாண்டா ஆவணும்" என்று கத்தினேன். நீ சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாய். பொங்கலுக்கு நீ வரவில்லை, உன் அம்மா வெல்லம் கரைத்த கையோடு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்கும் அவள் என்னிடம் சொல்வது ஒன்றுதான், "அவன விட்டுடுங்க. ஒண்ணும் ஆவாது." ஒன்றும் ஆகாமலே போகலாம். அதற்கும் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று என் பக்கத்துக் குவியலும் உன் பக்கத்துக் குவியலும் சேர்ந்தேதான் சொல்கின்றன. அந்தப் பாதியை நம்பி நான் இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறேன்.

போன வாரம் வரைக்கும் நானும் கைவிட்டுவிட்டேன் என்றே வைத்துக்கொள். வயதாகிவிட்டது, காலையில் எழுந்தால் முழங்கை மடங்க நேரம் பிடிக்கிறது, பிள்ளை பேசாமல் இருக்கிற வீட்டில் சோறு இறங்குவதில்லை. ஒதுங்கிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் உன் அத்தை வந்தாள். சீசனுக்கு முன்னால் அறுப்பு மேசைகளைக் கழுவிவிடக் கூப்பிட்டிருந்தார்களாம். இயந்திரத்தையும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாள், "உம் புள்ள டேங்கு நேத்து ஒரு சத்தம் போட்டுச்சி பாரு அண்ணா, டமார்னு! எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டுச்சி. ஐஸு ஒறஞ்சிக்கினா உருக்கறதுக்கு சூட்டு வாயு வுடுவாங்களாமே, ஆப்பரேட்டரு புதுசு, மொத்தமா தெறந்துட்டாராம். டேங்கே ஒரு குலுக்கு குலுங்கிச்சி. ஆனா பாரு, ஒண்ணும் ஆவல. நம்ம புள்ள செஞ்சதாச்சே!"

அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு நான் கொல்லைப்புறம் போய்விட்டேன். உனக்கு விளக்க வேண்டியதில்லை. உள்ளே குளிர்ந்து கிடக்கிற திரவத்தின் மேல் சூட்டு வாயு ஒரேயடியாகப் பாய்ந்தால், அது திரவத்தை வாரிக்கொண்டு போய்க் குழாயிலும் டேங்க்கிலும் மோதும். இரும்பு அப்போது மைனஸ் நாற்பதில் இருக்கும். குளிர் ஏற்கெனவே இருந்தது. கீறல் எந்த வெல்டிங்கிலாவது இருக்கத்தான் செய்யும். அடி ஒன்றுதான் பாக்கி என்று இருந்தேன், அதுவும் வந்துவிட்டது. நம் சோதனைக்கூடத்தில் நான் கொக்கியை விட்ட மாதிரி அங்கே ஒருவர் வால்வைத் திறக்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான். இந்தத் தடவை தாங்கிய துண்டு கிடைத்திருக்கிறது.

மறுநாளே ஆலைக்குப் போனேன். மேனேஜர் வெளியூர். டேங்க்கையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று பின்பக்கம் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், சோதனை ஓட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. இயந்திரக் கொட்டகைக்குப் பின்னால், தகரக் கூரைக்கு அடியில் உன் டேங்க் நிற்கிறது. மேலே சுற்றியிருக்கிற அலுமினியத் தகடு அடியில் ஒரு இடத்தில் திறந்துகொண்டு, அங்கே பனி பூத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. அந்த வெயிலில் ஆலை முழுவதிலும் குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான். மேசை கழுவ வந்த பெண்கள் எல்லாம் அங்கே வரிசையாகக் குந்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள். உன் அத்தை டேங்க்கில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தாள். அவளுக்கு அங்கே தனி மரியாதை, டேங்க் செய்தவனின் அத்தை என்று அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லையாம். என்னைப் பார்த்ததும், "வா அண்ணா, சோறு துன்னியா?" என்றாள்.

"இங்க குந்தாத, எழுந்துக்கோ" என்றேன்.

"ஏன்?"

"அது ஒடையும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. கோபம் வந்துவிட்டது. "புள்ள மேல உனக்கு இன்னா அப்பிடி ஒரு காண்டு? வேற எவனாச்சும் செஞ்சிருந்தா நான் பயந்துக்குவேன். அவன் மெல்லிசா போடுவானா? இத்தச் சுண்டிப் பாரு, எம்மாம் கனம்!" என்று விரலால் டேங்க்கைத் தட்டிக் காட்டினாள். கதவு மடங்கிய அன்று அழுதவளிடம் போய், கனம்தான் ஆபத்து என்று சொன்னால் அவள் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைப்பாள். வேலையை விடு என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணன் சோற்றில் குந்தித் தின்ன மாட்டேன் என்கிறாள். இடத்தையாவது மாற்றிக்கொள் என்றேன். வெயிலில் வேறு எங்கே போவது என்கிறாள். அவள் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். டேங்க்கை மாற்ற வேண்டும். சரியான ரகத்தில், பத்து எம்எம்மில். இந்தச் சீசனுக்குள் முடியாது என்றால், குளிரைக் குறைத்து ஓட்டச் சொல், துண்டு உறைய நேரமாகும், ஆகட்டும். சூட்டு வாயுவை மெதுவாகத் திறக்கிற வால்வு போடச் சொல். சுற்றிலும் கம்பி வேலி போட்டு, யாரும் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல். இதில் எதையும் நான் சொன்னால் நடக்காது, சொல்லிப் பார்த்துவிட்டேன். செய்தவன் நீ போய், "என் டேங்க் இந்தக் குளிருக்கு ஆகாது" என்று சொன்னால்தான் நடக்கும். சொன்னால் உன் பெயர் போகும், அதை நான் மறைக்கவில்லை. பலகையைக் கழற்ற வேண்டிவந்தாலும் வரும். அந்தப் பலகையை உன்னைவிட நான் அதிகம் பார்த்தவன், எனக்கும் வலிக்கும். நீ சொல்ல மாட்டாய் என்றுதான் என் மனசு சொல்கிறது. இத்தனை வருடம் உன்னைப் பார்த்தவன், உன் கௌரவம் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். போனையும் எடுக்க வேண்டாம். பொங்கலுக்கு வராவிட்டாலும் போகிறது. ஒரே ஒரு காரியம் செய். ஏதாவது ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்கு ஆலையின் பின்பக்கம் போ. உன் அத்தை உன்னைப் பார்த்ததும், முட்டி வலியையும் பாராமல், டேங்க்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். "அத்தே, இங்க குந்தாத" என்று அவளிடம் சொல். நான் சொல்லிக் கேட்காதவள் நீ சொன்னால் கேட்பாள். கேட்பதற்கு முன்னால், "ஏன் கண்ணு?" என்று மட்டும் கேட்பாள். முதுகில் டேங்க்கின் ஈரத்தோடு நிற்கிற அவள் முகத்தைப் பார்த்து, "கனமாத்தானே போட்டிருக்கேன்" என்று உன்னால் சொல்ல முடிந்தால் சொல்லிவிட்டு வந்துவிடு. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவே மாட்டேன்.

உன் நைனா